புதுக் கட்டை பழக்கிய கதை

புதிதாக வாங்கி வந்த பொருளை அன்றே எடுத்துப் புழங்கும் வழக்கம் நம் வீடுகளில் இருந்ததில்லை. புது மண்பானையை ஒரு நாள் முழுதும் தண்ணீரில் ஊறப்போட்டு, அரிசி களைந்த நீரை அதிலே காய்ச்சிக் கொட்டிய பிறகுதான் உலை வைப்பார்கள். புது அம்மியில் தவிட்டை அரைத்து அரைத்துக் கல்துகள் நீங்கிய பின்னரே மிளகாய் வைப்பார்கள். இரும்புத் தோசைக்கல்லின் கதை இன்னும் நீளமானது. கஞ்சித் தண்ணீரில் ஊறவேண்டும். எண்ணெய் தடவிக் காயவேண்டும். அரிந்த வெங்காயத்தால் தேய்படவேண்டும். மறுநாளும் இதே சடங்கு. அதன் பின்னும் முதல் நான்கு தோசை கல்லுக்கே உரியவை, மனிதருக்கு அல்ல என்பது மறைந்த என் தாயாரின் கணக்கு. இந்தச் செயலுக்கு நம் பெண்மக்கள் இட்டிருக்கும் பெயர் 'பழக்குதல்'. கன்றைப் பழக்குவதுபோலக் கல்லையும் பானையையும் பழக்குகிறோம். நம் கைக்கு அது பழகவேண்டும். அதற்கு நம் கை பழகவேண்டும்.

இச்சொல்லை நான் மீண்டும் எண்ணிப்பார்க்க நேர்ந்தது சென்ற மார்கழி மாதத்தில். அல்சூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு முக்காலிகளை எட்ட எட்டப் போட்டு, பழைய வேட்டியைச் சுருட்டி மெத்தையாக்கி, அவற்றின்மேல் ஆளுயரத்தினும் நீண்ட இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகள் குப்புறக் கிடத்தப்பட்டிருந்தன. ஒருபுறம் என் மகள், இருபது வயது. மறுபுறம் என் தந்தையார், எண்பது வயது. நடுவில் சூடேறிக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டி. வாயிற்படியில் என் மனைவி, தரையில் மெழுகு சிந்தினால் யார் துடைப்பது என்னும் கேள்வியோடு.

பெங்களூரில் பனிச்சறுக்கா என்று வாசக அன்பர்கள் நகைக்கக்கூடும். நகைப்பது நியாயமே. கடல்மட்டத்திலிருந்து 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்நகரத்தில், 1884ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு நாள் வெப்பநிலை 7.8 டிகிரிக்கு இறங்கியதே பதிவான குளிரில் மிகக் குறைந்தது. அதற்கே நம்மவர் காதைச் சுற்றித் துண்டு கட்டியிருப்பார்கள். ஆயினும் இதே கருநாடகத்தின் குடகுப் பகுதியிலிருந்து சென்ற பவானி என்னும் பெண், 2025ஆம் ஆண்டில் சிலி நாட்டில் நடந்த பன்னாட்டுப் போட்டியில், நெடுந்தூரப் பனிச்சறுக்கில் வெண்கலப் பதக்கம் பெற்றார். காப்பித் தோட்டத்து மண்ணில் பிறந்தவரின் கால்கள் பனியில் ஓடக் கற்றன என்றால் அல்சூர்ப் பெண்ணின் கால்கள் மட்டும் என்ன குறைந்தன என்று என் மகள் கேட்டபோது என்னிடம் மறுமொழி இல்லை. கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தவள், இமயமலையில் ஒரு மலையேற்றப் பயிற்சிக்குப் போனாள். திரும்பும்போது பனிமேல் தீராத காதலோடு திரும்பினாள். அதன் பிறகு ஓராண்டாக, போக்குவரத்து எழுமுன் விடியற்காலையில், சக்கரம் பொருத்திய பயிற்சிக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, இரு கைகளிலும் கோல் ஊன்றித் தார்ச்சாலையில் ஓடிக்கொண்டிருந்தாள். பால்காரர் முதலில் அவளுக்குக் காலில் ஏதோ அடிபட்டிருப்பதாக எண்ணி என்னிடம் நலம் விசாரித்தார்.

இப்போது குல்மார்க்கில் ஒரு தேர்வு. அதற்காக ஓஸ்லோ நகரில் பணிபுரியும் என் தம்பி, தெரிந்தவர் ஒருவர் மூலமாகப் புதுக் கட்டைகளை அனுப்பியிருந்தான். கூடவே மெழுகுக் கட்டிகள், சுரண்டி, தூரிகைகள், இதற்கென்றே செய்யப்பட்ட இஸ்திரிப் பெட்டி. செவ்வாய்க்கிழமை பொட்டலம் வந்தது. வியாழக்கிழமை விடியலில் அவளுக்கு ஸ்ரீநகர் விமானம்.

அல்சூர் ஏரியின் கரையில் மதராஸ் பொறியாளர் படைப்பிரிவின் தலைமையகம் இருப்பதைப் பெங்களூர்த் தமிழர் அறிவர். 1780இல் தோன்றிய அந்தப் படையின் வீரர்களுக்குத் 'தம்பி' என்பதே செல்லப்பெயர். நாடெங்கும், மொழி தெரியாத பஞ்சாபியர்கூட அவர்களைத் தம்பி என்றே அழைப்பர். வேலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து 1964இல் அதிலே சேர்ந்த என் தந்தையாரும் அப்படியொரு தம்பி. ஹவில்தாராக ஓய்வு பெற்று, பின்னர் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, ஏரியை விட்டு அதிக தூரம் போக மனமின்றி இங்கேயே தங்கிவிட்டார். எங்கள் குடும்பம் பெங்களூர்க் குடும்பம் ஆனது இவ்வாறுதான். இந்நகரத் தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு இதே வரலாறு, ஆலையின் பெயரும் ஆண்டும் மட்டும் மாறியிருக்கும்.

குல்மார்க்கில் இராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. 1948இல் ஒரு சிறிய பனிச்சறுக்குப் பள்ளியாகத் தொடங்கி, 1962இல் இன்றைய பெயரைப் பெற்றது. 1973ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் என் தந்தையார் அங்கே அனுப்பப்பட்டார். நான் அப்போது மூன்று வயதுக் குழந்தை. அவர் அந்நாளைப்பற்றி எங்களிடம் அதிகம் பேசியதில்லை. பெட்டியின் அடியில் கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒரு புகைப்படம் மட்டும் இருந்தது. ஏறத்தாழ 2650 மீட்டர் உயரத்து வெள்ளைப் பரப்பிலே, வேட்டி கட்டிப் பழகிய மெலிந்த கால்களில் இரண்டு நீண்ட மரக்கட்டைகளோடு நிற்கும் இளைஞர். அவரருகே தோளில் கைபோட்டு நிற்கும் இன்னொருவர்.

பொட்டலத்தைப் பிரித்ததும் அவர் செய்த முதல் செயலை நான் மறக்கமாட்டேன். கட்டையைத் தூக்கி, அதன் அடிப்புறத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"கீல் வாசனையே இல்லையே கண்ணு?"

"இது மரம் இல்ல தாத்தா. அடியில பிளாஸ்டிக்."

உண்மைதான். இக்காலத்துக் கட்டைகளின் அடிப்பரப்பு பாலித்தீன் வகையைச் சேர்ந்தது, நம் வீட்டுப் பிளாஸ்டிக் வாளிக்கு உறவு என்று சொல்லலாம். ஆனால் வாளியைப்போல வார்த்தெடுத்தது அன்று. மிக நீண்ட மூலக்கூறுகளாலான தூளை அழுத்திச் சூடாக்கி ஒன்றாகப் பிணைத்துச் செய்தது. கண்ணுக்கு வழவழவென்று தோன்றும் அப்பரப்புக்குள், சூடான மெழுகு சிறிதளவு ஊறி உள்ளே தங்கும் இடமுண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதில் இருப்பது பெயருக்கு ஒரு பூச்சுத்தான். பசித்த வயிறு அது. முதல் ஓட்டத்துக்கு முன்னே மீண்டும் மீண்டும் மெழுகை ஊட்டவேண்டும். ஊட்டாமல் ஓட்டினால் அடிப்பரப்பு உலர்ந்து, வெளுத்து, வேகம் இழந்துபோகும். தோசைக்கல்லை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

பனிமேல் கட்டை வழுக்குவது எதனால் என்று நான் அன்று மாலை சிறிது படித்துப்பார்த்தேன். உடலின் எடை அழுத்துவதால் பனி உருகுகிறது என்று ஒரு காலத்தில் கருதினார்கள். 1939இல் பௌடன், ஹியூஸ் என்னும் ஆய்வாளர் இருவர், அழுத்தம் அதற்குப் போதாது, உராய்வில் எழும் சூடே பனியின் மேற்பரப்பை மெல்லிய நீர்ப்படலமாக்குகிறது என்று காட்டினார்கள். அந்தப் படலத்தின்மேல்தான் கட்டை ஓடுகிறது. நீர் இல்லையேல் உரசும். நீர் மிகுந்தாலோ, ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதுபோலப் பனி கட்டையைப் பற்றிக்கொள்ளும். மெழுகு நீரை ஒட்டவிடாது, தாமரை இலையைப்போல. கடுங்குளிரில் பனித்துகள்கள் ஊசிமுனைபோலக் கூர்மையாக இருக்குமாதலால் கடினமான மெழுகு வேண்டும். இளகிய பனிக்கு மென்மையான மெழுகு போதும். 1936ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்ற அணியில் இருந்தவரான மார்ட்டின் மாட்ஸ்போ என்னும் ஸ்வீடன் நாட்டு வீரர் உருவாக்கிய மெழுகுகள், 1946 முதல் ஸ்விக்ஸ் என்ற பெயரில், குளிருக்கு ஏற்றபடி பச்சை, நீலம், சிவப்பு என்று நிறம் பிரித்து விற்பனைக்கு வந்தன. அந்த நிறக்கணக்கை இன்றும் பனிநாட்டுப் பிள்ளைகள் வாய்ப்பாடுபோலச் சொல்கிறார்களாம். ஃபுளோரின் கலந்த மெழுகு நீரை விரட்டுவதில் இணையற்றது. ஆனால் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்கிவிடுவதால், 2023-24 பருவம் முதல் பன்னாட்டுக் கூட்டமைப்பு அதனைப் போட்டிகளில் தடுத்துவிட்டது. என் தம்பி அனுப்பியது அது கலவாத மெழுகே.

நெடுந்தூரப் பனிச்சறுக்கில் பழைய முறைக்கான கட்டையில் ஒரு விந்தை உண்டு. முன்னும் பின்னும் வழுக்கவேண்டும், நடுவில் பாதத்தின் கீழ் மட்டும் பிடிக்கவேண்டும். பிடிப்பு இல்லையேல் மேடு ஏறமுடியாது. வழுக்கு இல்லையேல் ஓட்டமே இல்லை. ஒரே கட்டையில் இவ்விரண்டையும் வைத்ததற்காக வில்போல நடுவை உயர்த்திச் செய்திருக்கிறார்கள். இரு கால்களிலும் எடை பகிர்ந்து நின்றால் நடுப்பாகம் தரையைத் தொடாது. ஒரு காலில் முழு எடையையும் ஊன்றி உந்தும்போது தொடும். எங்கிருந்து எதுவரை என்று அறிய ஒரு சோதனை. என் மகள் வழவழப்பான கருங்கல் தரையில் கட்டைகளின்மேல் ஏறி நின்றாள். நான் மின்கட்டண ரசீதை அவள் பாதத்தின் கீழே நுழைத்து முன்னும் பின்னும் இழுத்தேன். எங்கே சிக்குகிறதோ அங்கே பென்சிலால் கோடு. ஒரு காலில் நின்றதும் ரசீது அசையாமல் பிடிபட்டது. மின்வாரியம் என் வீட்டுக்கு அனுப்பிய தாள்களில் மகிழ்ச்சி தந்தது அது ஒன்றுதான்.

கோடிட்ட நடுப்பகுதியை உப்புத்தாளால் சற்றே சொரசொரப்பாக்கினோம், பிடிப்பு மெழுகு ஒட்டிக்கொள்வதற்கு. அந்த மெழுகை அன்றன்றைய பனியைப் பார்த்து அங்கேதான் தடவி, தக்கைக் கட்டையால் தேய்க்கவேண்டும். இங்கே செய்யவேண்டியது முன்பாகத்துக்கும் பின்பாகத்துக்கும் உரிய வழுக்கு மெழுகு. இஸ்திரிப் பெட்டியின் அடியில் மெழுகுக் கட்டியைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டுச் சொட்டாக விழும். பிறகு பெட்டியை வைத்து, நுனியிலிருந்து வாலை நோக்கி நிதானமாக நகர்த்தவேண்டும். பெட்டி நகர்ந்த பின்னே ஒரு சாண் நீளத்துக்கு மெழுகு ஈரமாக மின்னவேண்டும். அதன் பின்னால் மங்கவேண்டும். நிறுத்தினால் அடிப்பரப்பு கருகும். மெழுகு புகைந்தால் சூடு அதிகம் என்று பொருள்.

இதில் என் தந்தையாருக்கு யாரும் பாடம் சொல்லவேண்டியிருக்கவில்லை. மரமானால் என்ன, பிளாஸ்டிக்கானால் என்ன, புகையைக் கண்டறிய அவருக்குத் தெரியும். கை நடுங்குவதால் பெட்டியைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு, கண்ணால் மட்டும் வேலை செய்தார். "மெல்ல... மெல்ல... நிக்காத. ம், இப்ப போ." கூடமெங்கும் கார்த்திகை விளக்கு அணைந்த வாசனை.

முதல் பூச்சு, சூடு ஆறுமுன்பே சுரண்டப்படவேண்டும். தொழிற்சாலை அழுக்கெல்லாம் அதனோடு வெளியே வரும் என்பது கணக்கு. வெள்ளை மெழுகு சற்றுச் சாம்பல் நிறமாகச் சுருண்டு வந்தபோது என் மனைவியும் ஒப்புக்கொண்டாள். அடுத்த பூச்சுகளை நன்றாக ஆறவிட்டு, சுரண்டி, பித்தளைக் கம்பித் தூரிகையாலும் பின்னர் குதிரைமயிர்த் தூரிகையாலும் துலக்கவேண்டும். மேலே மெழுகே இருக்கக்கூடாது, உள்ளே இருக்கவேண்டும். இதை முதலில் கேட்டபோது வீண்வேலையாகத் தோன்றியது. தடவுவானேன், சுரண்டுவானேன்? இரண்டாம் பூச்சைச் சுரண்டும்போது, முதற்பூச்சைவிடக் குறைவாகவே கட்டை உறிஞ்சியிருப்பதைக் கண்டேன். மூன்றாவதில் இன்னும் குறைவு. வயிறு நிறைந்துகொண்டிருந்தது.

இடையே ஆறவிட்ட நேரத்தில் தந்தையார் கீலைப்பற்றிச் சொன்னார். மரக்கட்டைகளின் காலத்தில் முதல் வேலை பைன் மரத்துக் கீல். கரியநிறத்துக் கூழ், தூரிகையால் அடிப்புறத்தில் பூசி, ஊதுவிளக்கின் தழலை மேலே ஓடவிட்டால் கொப்புளித்து மரத்துக்குள் இறங்கும். மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பூசவேண்டும். மரம் குடித்து நிறைந்தபின் நீர் புகாது. அதன்மேல்தான் மெழுகு நிற்கும். குல்மார்க்கில் அந்த வேலையைக் கண்டதும், தம் ஊர் வாசனை வந்துவிட்டதென்று கத்தியவர் ஒருவர் இருந்தார். புகைப்படத்தில் தோளில் கைபோட்டு நிற்கும் மனிதர் அவரே. நாகப்பட்டினத்துக் கடலோரத்துக்காரர், என் தந்தையாருக்கு நான்கைந்து வயது மூத்தவர், அண்ணன் என்றே அழைப்பாராம். அவர் தகப்பனார் வள்ளங்களின் இணைப்புகளில் நார் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசியவர். கீலும் குங்கிலியமும் வேறுதான். ஆனால் மரத்துக்குள் நீர் புகாமல் தடுக்கும் வித்தையில் ஒன்றுக்கொன்று பங்காளிகள். "கடலும் தண்ணிதான், இதுவும் தண்ணிதான், கொஞ்சம் உறைஞ்சுபோச்சு" என்று சொல்லிக்கொண்டே, அந்தப் பள்ளியில் கீல் பூசுவதில் எல்லோருக்கும் அவர் வாத்தியார் ஆகிவிட்டாராம்.

இதை அவர் முகம் மலர்ந்து சொல்லிக்கொண்டிருந்தபோது இரவு ஒன்பதரை மணி. நான்கு பூச்சு முடிந்திருந்தது. என் தம்பி எழுதியனுப்பிய தாளில் எட்டு என்று இருந்தது. மறுநாள் முழுதும் அவளுக்குக் கல்லூரியில் வேலை. துணிமணிகள் இன்னும் அடுக்கப்படவில்லை.

"போதும் தாத்தா. மீதியை அங்க போய்ப் பார்த்துக்கலாம்," என்று அவள் பெட்டியின் பொத்தானை அணைத்தாள்.

என் தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் மீண்டும் பொத்தானைப் போட்டார். பிறகு நாற்காலியில் அமர்ந்து, கட்டையைப் பார்த்தபடியே பேசினார். ஐம்பத்திரண்டு ஆண்டுகளாக என் தாயாருக்கும் சொல்லாத ஒன்றை அன்று கூடத்தில் சொன்னார்.

பயிற்சி முடிந்து ஓராண்டுக்குப் பின், வடக்கே வேறோர் இடத்தில், அண்ணனும் இவரும் ஒரே குழுவில் இருந்தார்கள். புதுக் கட்டைகள் வந்திருந்தன. மறுநாள் ஒரு கணவாய்க்குப் புறப்பாடு. எல்லாக் கட்டைகளுக்கும் கீல் பூசும் வேலை இவர் கையில். ஐந்து இணைகளை முறைப்படி முடித்துவிட்டார். ஆறாவது அண்ணனுடையது. விளக்கில் எண்ணெய் தீரும் நேரம், விரல்கள் மரத்துப்போயிருந்தன, அடுத்த கூடாரத்தில் சூடான தேநீர். கீலைத் தூரிகையால் ஒருமுறை தடவித் தழலில் காட்டாமலே துடைத்துவிட்டார். மேலே மெழுகு தேய்த்ததும் பெயருக்கே. பார்வைக்கு ஆறும் ஒன்றுபோலவே கறுத்துப் பளபளத்தன. பூசிய கை தம்பியின் கை என்பதால் அண்ணன் சோதித்துப் பார்க்கவுமில்லை.

நடுப்பகலில் வெயில் ஏறிப் பனி இளகியது. பிறகு நிழல் விழுந்து குளிர்ந்தது. நீர் குடித்த மரத்தில் பனி கவ்வி உறைந்தது. ஒவ்வோர் அடிக்கும் கட்டையின் கீழ்ப் பனி திரண்டு, காலில் ஒரு பாறையைக் கட்டியதுபோல ஆயிற்று. நின்று நின்று சுரண்டினார். மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். கடைசியில் கட்டைகளைத் தோளில் ஏற்றி, இடுப்பளவு பனியில் நடந்து, இருட்டிய பின் வந்து சேர்ந்தார். தோல் பூட்ஸ் நனைந்து விறைத்திருந்தது. இடக்காலில் இரண்டு விரல்களை எடுக்கவேண்டியதாயிற்று.

"என்ன தம்பி, உன் கட்டை மட்டும் நல்லா ஓடுச்சே, என் கட்டைக்கு என்ன கோபம்னு கேட்டார். அவ்வளவுதான். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார்," என்றார் தந்தையார். "அவருக்குத் தெரியும் கண்ணு. கீல் தெரிஞ்ச ஆளு. கட்டையை ஒரு தடவை மோந்து பார்த்தா தெரியாதா?"

அண்ணன் ஊருக்குத் திரும்பிவிட்டார். பொங்கலுக்குப் பொங்கல் அவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வரும். அந்த அட்டைகள் எனக்கும் நினைவிருக்கின்றன. மழை, மீன்பாடு, பிள்ளைகளின் படிப்பு, "தம்பி குடும்பத்தார் சுகமென நம்புகிறேன்." கால்விரலைப்பற்றியோ கட்டையைப்பற்றியோ ஒரு சொல்லும் இராது. தந்தையாரும் தவறாது பதில் எழுதுவார். பதிலுக்கு முன் நெடுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எழுத்துப் பழக்கம் குறைவு என்று நான் எண்ணியிருந்தேன். ஓர் ஆண்டு அட்டை வரவில்லை. அடுத்த மாதம் அவர் மகனிடமிருந்து வேறு கடிதம் வந்தது.

என் மகள் எதுவும் பேசாமல் இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். ஐந்தாவது பூச்சு. அது ஆறும்வரை மூவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஆறாவதன்போது என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, தானே தூரிகையை வாங்கித் துலக்கலானாள். நுனியிலிருந்து வால்வரை ஒரே திசை என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. தோசைக்கல்லையும் அவள் அப்படியே துடைப்பாள் போலும். ஏழாவதன்போது நார்வே நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்லி அவர்களை உறங்கவிடாமல் வைத்தேன். அங்கே மலைமேல் உருகிய பனியிலிருந்து 2014இல் ஏறத்தாழ 1300 ஆண்டுப் பழமையான மரக்கட்டை ஒன்று கிடைத்தது. அதன் இணை, அருகிலேயே, ஏழாண்டு கழித்து 2021இல் கிடைத்தது. தந்தையார் கேட்டார், "ரெண்டுக்கும் ஒரே மாதிரி பூசியிருந்தானா?" எனக்குத் தெரியவில்லை.

எட்டாவது, கடுங்குளிருக்குரிய கடின மெழுகு. அது சுரண்டும்போது சுருளாக வராது, பொடிப்பொடியாகச் சிதறும். முடிந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. தந்தையார் கட்டைகளின் அடியை விளக்குக்கு நேரே பிடிக்கச் சொல்லி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நடுங்கும் விரலால் நுனிமுதல் வால்வரை தடவினார். இடது, வலது, மறுபடி இடது. பின்னர் இரண்டையும் அடியோடு அடி சேராமல் நடுவே தாள் வைத்துத் தாமே கட்டினார். அந்த முடிச்சு மட்டும் நடுங்கவில்லை.

வியாழன் விடியலில் அவளை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தோம். தந்தையார் வண்டியிலிருந்து இறங்கவில்லை. வழியில் ஏரிக்கரையில் தம்பிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியை இறக்கிச் சிறிது நேரம் பார்த்தார்.

தேர்வு நாளன்று மாலையில் தொலைபேசி வந்தது. பதினொன்றாம் இடத்தில் வந்ததாகவும், அணியில் எடுப்பார்களா என்பது மாதக் கடைசியில் தெரியும் என்றும் என்னிடம் சொன்னாள். பிறகு தாத்தாவிடம் கொடுக்கச் சொன்னாள். அவர் இடத்தைப்பற்றிக் கேட்கவில்லை.

"காலையில எத்தனை டிகிரி கண்ணு?"

"மைனஸ் எட்டு, தாத்தா."

"பச்சையா, நீலமா?"

"நடுவுல நீலம் தேய்ச்சேன்."

"மத்தியானம் வெயில் வந்துச்சா?"

"வந்துச்சு தாத்தா. அப்புறம் நிழல்ல மறுபடி உறைஞ்சுது."

அவர் சற்று நேரம் பேசவில்லை.

"ஒட்டுச்சா?"

"ஒட்டல தாத்தா. கொஞ்சம்கூட ஒட்டல."

கருவியை என்னிடம் நீட்டிவிட்டு எழுந்தார். கூடத்து மூலையில் முக்காலியின்மேல் அந்த இஸ்திரிப் பெட்டி எடுத்து வைக்கப்படாமலே கிடந்தது. அதன் அடியில் உறைந்திருந்த மெழுகை நகத்தால் சுரண்டி, துணியால் துடைத்து, வடத்தைச் சுற்றி அலமாரியில் வைத்தார். பிறகு பெட்டியைத் திறந்து புகைப்படத்தைத் தேடலானார்.